"செட்டில்" ஆகிவிட்டார் என்றால் என்ன அர்த்தம்?

"மூத்தவன் மும்பையில் செட்டில் ஆகிவிட்டான். பெண்ணையும் நல்ல இடத்தில் செட்டில் பண்ணியாயிற்று. பாங்குக் கடன் ஒன்றுதான் பாக்கி. தை பிறந்ததும் அதையும் செட்டில் பண்ணிவிட்டால் நிம்மதி."

திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ ஒரு தகப்பனார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இப்படிப் பேசினால் யாருக்கும் புரியாமல் போகாது. இங்கிலீஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவரும் சரளமாக வழங்குகிற சொல் இது. ஆனால் மூன்று வாக்கியத்தில் மூன்று காரியங்களை அவர் சொல்லியிருக்கிறார். முதலாவது, பிழைக்கப் போன இடத்திலேயே குடியிருப்பது. இரண்டாவது, கலியாணம் செய்து கொடுத்தது. மூன்றாவது, பணத்தைக் கட்டிக் கணக்கை முடிப்பது. மூன்றுக்கும் தமிழில் தனித்தனியே சொல் உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே சொல்லைப் போட்டு மூடுகிறார்கள்.

ரயில், பஸ், டீ என்று எத்தனையோ சொற்கள் வந்து தமிழோடு கலந்துவிட்டன. அவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ரயில் என்றால் எல்லோருக்கும் ரயில்தான். ஒருவருக்கு ரயிலாகவும் மற்றவருக்கு மாட்டுவண்டியாகவும் அது தோன்றுவதில்லை. "செட்டில்" அப்படிப்பட்டதல்ல. சொல்பவர் ஓர் அர்த்தத்தில் சொல்லுவார், கேட்பவர் வேறு அர்த்தத்தில் கேட்பார். திண்ணைப் பேச்சில் இதனால் நஷ்டமில்லை. அந்தச் சொல் ஒரு காகிதத்தில் ஏறி, அதன் கீழே கையெழுத்தும் விழுந்துவிட்டால் கதை வேறு.

உட்காரும் பலகை

இந்தச் சொல்லின் பூர்வீகம் எளியது. பழைய இங்கிலீஷில் "செட்ல்" என்றால் ஆசனம். "சிட்" (உட்கார்), "சீட்" (இருக்கை), "சேடில்" (சேணம்) எல்லாம் அதன் பங்காளிகள். உயரமான முதுகுப் பலகை வைத்த நீண்ட மரப் பெஞ்சுக்கு இன்றும் இங்கிலீஷில் "செட்டில்" என்றே பெயர்.

ஆகவே உட்காருவதும் உட்காரவைப்பதும்தான் அடிப்படை அர்த்தம். மனிதன் ஓர் ஊரில் உட்கார்ந்தால் குடியேறுதல். பறவை கிளையில் உட்கார்ந்தால் அமர்தல். தூசி உட்கார்ந்தால் படிதல். கலங்கிய தண்ணீரில் மண் அடியில் உட்கார்ந்தால் தெளிதல். சண்டையை உட்காரவைத்தால் தீர்த்தல். கடனை உட்காரவைத்தால் அடைத்தல். சொத்தை ஒருவர் பேரில் உட்காரவைத்தால் எழுதிவைத்தல். இங்கிலீஷ்காரனுக்கு இத்தனைக்கும் ஒரு சொல் போதுமென்று தோன்றியது. தமிழன் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வைத்திருந்தான்.

சுவரும் உட்காரும். அஸ்திவாரத்துக்குக் கீழே மண் சரியில்லாமல் கட்டடம் மெல்ல இறங்கினால் இஞ்சினீயர்கள் அதையும் "செட்டில்மெண்ட்" என்றே எழுதுவார்கள். ரயில் பாதையில் புதிதாகப் போட்ட மண்கரை மழைக்காலத்தில் இறங்கினால் அதற்கும் அதே பெயர். அந்த இடத்தில் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு வரும். "உங்கள் கட்டடம் செட்டில் ஆகிக்கொண்டிருக்கிறது" என்று இஞ்சினீயர் சொல்ல, வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தால் அதில் அதிசயமில்லை!

பிற மொழிச் சொல்லே கூடாது என்பதல்ல இங்கே வாதம். "பைசல்" என்ற சொல் அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்ததுதான். "வழக்குப் பைசலாயிற்று", "கடன் பைசல்" என்று கிராமத்து மணியக்காரர் காலத்திலிருந்து வழங்குகிறது. கேட்டவுடனே அர்த்தம் விளங்கும். ஒரு காரியத்தை முடித்ததற்குத்தான் பைசல் என்பார்களே தவிர, "மகன் மும்பையில் பைசலாகிவிட்டான்" என்று யாரும் சொல்வதில்லை.

சர்க்கார் கையில் இந்தச் சொல்

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தச் சொல் பல வேஷம் கட்டியது. 1793ல் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் கொண்டுவந்த ஜமீன்தாரி ஏற்பாட்டுக்கு "பெர்மனெண்ட் செட்டில்மெண்ட்" என்று பெயர். 1802ல் அது சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் வந்தது. அங்கே செட்டில்மெண்ட் என்றால் நிலத்தீர்வையை நிர்ணயிப்பது. ரயத்துவாரி ஊர்களிலும் நிலத்தை அளந்து தீர்வை கட்டியவர்கள் செட்டில்மெண்ட் அதிகாரிகள்தான். கிராமத்துப் பழைய தஸ்தாவேஜுகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

1826ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் சேர்த்து "ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்" என்றார்கள். கப்பலேறிய தமிழர்கள் பலர் போய் இறங்கியது அங்கேதான். இங்கே அர்த்தம் குடியேற்ற நாடு.

1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911ல் சென்னை மாகாணத்துக்கும் அது நீண்டது. பிறந்த ஒரே காரணத்துக்காகச் சில சாதியினரைக் குடும்பத்தோடு கொண்டுபோய் அடைத்து, வேளைக்கு வேளை ஆஜர் எடுத்த இடங்களுக்கும் "செட்டில்மெண்ட்" என்றே பெயரிட்டார்கள். மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் இருக்கிற சோலாப்பூரில் அப்படி ஒன்று இருந்தது. சுதந்திரம் வந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு, 1952ல்தான் அந்தச் சட்டம் நாடு முழுவதும் ரத்தாயிற்று. தீர்வைக்கும் அந்தப் பெயர், குடியேற்றத்துக்கும் அந்தப் பெயர், கம்பி வேலிக்கும் அந்தப் பெயர்!

பழங்கதை இவ்வளவு போதும். இப்போது தொழிலாளி கையில் வருகிற காகிதத்தைப் பார்க்கலாம்.

யார் கையெழுத்து யாரைக் கட்டும்?

ஆலையில் "செட்டில்மெண்ட் ஆகிவிட்டது" என்று செய்தி வந்தால் அங்கே அர்த்தம் ஒப்பந்தம். அதிலும் இரண்டு வகை உண்டு. நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்வது ஒன்று. அது கையெழுத்துப் போட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். சமரச அதிகாரியின் முன்னிலையில் ஏற்படுவது மற்றொன்று. அது அந்தச் சங்கத்தில் இல்லாத தொழிலாளியையும், நாளைக்குப் புதிதாக வேலைக்குச் சேரப்போகிறவனையும்கூடக் கட்டுப்படுத்தும். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டம் செய்த வேறுபாடு இது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆகவே செட்டில்மெண்ட் என்று கேள்விப்பட்டவுடன், "எவ்வளவு கூடியது?" என்று கேட்பதற்கு முன் "யார் முன்னிலையில் ஆயிற்று?" என்று கேட்க வேண்டும். பெரும்பாலோர் கேட்பதில்லை.

கையெழுத்துப் போட உரிமை யாருக்கு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மும்பை பஞ்சாலைத் தொழிலாளர்கள் அறிவார்கள். 1982 ஜனவரி 18ந்தேதி சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிலாளர்கள் போனது டாக்டர் தத்தா சாமந்த் பின்னால். பம்பாய் தொழிலுறவுச் சட்டப்படி பிரதிநிதித்துவச் சங்கம் என்ற அங்கீகாரம் இருந்ததோ வேறு சங்கத்திடம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் உரிமையும் அதனிடமே இருந்தது. தொழிலாளிகள் ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம் என்று நின்றுபோயிற்று. முறைப்படி வாபஸ் ஆகாமலேயே அந்தப் போராட்டம் தேய்ந்து மறைந்தது. கிரண்காவிலும் பரேலிலும் ஆலை இருந்த இடத்தில் இப்போது மாளிகைகள் நிற்கின்றன.

"முழுமையாகவும் இறுதியாகவும்"

வேலையை விட்டு நிற்கும்போது நீட்டப்படுகிற காகிதத்துக்கு "ஃபுல் அண்டு ஃபைனல் செட்டில்மெண்ட்" என்று பெயர். இங்கே அர்த்தம் கணக்குத் தீர்ப்பு. "எனக்கு வர வேண்டியது முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று அதில் அச்சடித்திருக்கும். அச்சடித்த வரியைப் படிக்காமல், மேலே எழுதிய தொகையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்தத் தொகைக்குள் என்னென்ன இருக்க வேண்டும்? வேலை செய்த நாளுக்குச் சம்பளம், எடுக்காத லீவுக்குக் காசு, போனஸ் பாக்கி, நோட்டீஸ் காலச் சம்பளம், கிராஜுவிட்டி. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஒருவர் தாமாக நின்றாலும் சரி, நிறுத்தப்பட்டாலும் சரி, சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கிராஜுவிட்டிதான் அடிக்கடி விட்டுப்போகிற ஐட்டம். 1972ஆம் ஆண்டிலிருந்து சட்டம் கொடுத்திருக்கும் உரிமை அது. சாதாரணமாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். கடைசி மாதச் சம்பளம் 13,000 ரூபாய், சர்வீஸ் எட்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டால், 15 நாளுக்கு 7,500 ரூபாய். எட்டு ஆண்டுக்கு 60,000 ரூபாய். கம்பெனிக் காகிதத்தில் 18,000 ரூபாய் போட்டு "செட்டில்மெண்ட்" என்று எழுதியிருந்தால் அது எந்தக் கணக்கு என்று கேட்பதில் தப்பில்லை. கேட்டும் பதில் வரவில்லை, பணமும் அவசரம் என்றால், "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று தமிழிலாவது தன் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம். அந்த இரண்டு வார்த்தை பின்னால் உதவும்.

இங்கே படித்தவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. காலனியில் இங்கிலீஷ் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருந்தால் அக்கம்பக்கத்துக் காகிதமெல்லாம் அவரிடம்தான் வரும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, செட்டில்மெண்ட் பேப்பர்தான், கையெழுத்துப் போடுப்பா" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். இங்கிலீஷில் இருந்ததை இங்கிலீஷிலேயே திருப்பிச் சொல்லியிருக்கிறார்! எதுவும் தெரியாதென்று சொல்லியிருந்தால் வந்தவர் வேறு ஒருவரிடமாவது போய்க் கேட்டிருப்பார். ஒப்பந்தமா, கணக்குத் தீர்ப்பா, எழுதிக்கொடுப்பதா, விட்டுக்கொடுப்பதா என்று தமிழில் ஒரு சொல் சொல்ல அவருக்கு அரை நிமிஷம் ஆகாது.

பி.எப். கணக்கிலும் இந்தச் சொல் உண்டு. வேலையை விட்டதும் மொத்தமாக வாங்குவதற்குப் பெயர் "ஃபைனல் செட்டில்மெண்ட்". கம்பெனி மாறும்போதெல்லாம் இதை வாங்கிச் செலவழித்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. தங்கை கலியாணம், வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று தேவைகள் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதோடு சேர்த்துப் பென்ஷன் பங்கையும் எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் அத்தோடு அழிந்துபோகிறது. 1995ல் வந்த பென்ஷன் திட்டத்தில் மாதப் பென்ஷன் பெறப் பத்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். மூன்று கம்பெனியில் நான்கு நான்கு ஆண்டு உழைத்தவர் கணக்கை மாற்றிக்கொண்டே வந்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு. மூன்று தடவையும் எடுத்திருந்தால் பூஜ்யம். எடுக்காமல், சர்வீஸைக் காப்பாற்றும் சான்றிதழ் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

ஊரில் காத்திருக்கும் பத்திரம்

எல்லாவற்றையும்விடப் பெரிய காகிதம் ஊரில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பத்திரப் பதிவு ஆபீசுகளில் "செட்டில்மெண்ட்" என்றால் சொத்தைத் தானமாக எழுதிவைப்பது. குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை குறைவு. அதனால் எல்லோரும் விரும்புகிற பத்திரம்.

உயிலுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உயிலை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்டில் உரிமை அன்றைக்கே கைமாறிவிடுகிறது. வாங்கியவர் ஏற்றுக்கொண்டுவிட்டால், கொடுத்தவர் மனம் மாறினாலும் தன்னிஷ்டப்படி ரத்து செய்ய முடியாது. ஆயுள்வரை அந்த வீட்டிலேயே குடியிருக்கலாம் என்று எழுதியிருந்தால் குடியிருக்கும் உரிமை உண்டு, விற்கும் உரிமை போய்விட்டது. தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் கோர்ட்டு பார்ப்பதில்லை. உரிமை இன்றே போகிறதா, எழுதியவர் காலத்துக்குப் பிறகு போகிறதா என்று உள்ளே பார்க்கிறது. வயதான பெற்றோர் எழுதிக்கொடுக்கும்போது, "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். அப்படி எழுதியிருந்து பிள்ளை கைவிட்டால் 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம்.

மும்பைக்காரர் விஷயத்துக்கு வரலாம். கோயில் கொடைக்குப் பத்து நாள் லீவு போட்டு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி படுத்துப் போய் இறங்குகிறார். மூன்றாம் நாள் அண்ணன் மெதுவாக ஆரம்பிக்கிறார். "தம்பி, அப்பா இருந்த வீட்டை ஒரு வழியாச் செட்டில் பண்ணிக்கலாம்னு பார்க்கிறேன். நீதான் அங்கேயே செட்டில் ஆகிட்டியே."

இந்த இரண்டு வாக்கியத்தையும் நிறுத்தி வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தில் இருக்கும் "செட்டில்" ஒரு பாராட்டு. முதல் வாக்கியத்தில் இருக்கும் "செட்டில்" ஒரு பத்திரம். பாராட்டைக் காட்டிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது. மும்பையில் குடியிருக்கிறான் என்பதற்கும் அப்பன் சொத்தில் பங்கு இல்லை என்பதற்கும் என்ன சம்பந்தம்? சட்டத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தத்தை உண்டாக்கியது அந்தச் சொல்தான். பதிவு ஆபீசில் போய்ப் பார்த்தால் அது பாகப் பிரிவினைப் பத்திரமாக இருக்காது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். அண்ணன் ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்தவர் அவராக இருக்கலாம், அவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது நியாயமாகவும் இருக்கலாம். கொடுக்கிறவன் "கொடுக்கிறேன்" என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மும்பையில் அந்தத் தம்பி "செட்டில்" ஆகியிருக்கிற லட்சணத்தை அண்ணன் பார்த்திருக்க மாட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். "அவளைத்தான் செட்டில் பண்ணியாயிற்றே" என்று ஒரே வார்த்தையில் பங்கை முடித்துவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலீஷ்காரர்களின் பழைய குடும்பங்களில் "மேரேஜ் செட்டில்மெண்ட்" என்று ஒன்று இருந்தது. கலியாணத்தின்போது மணப்பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் ஆதரவாக ஒரு சொத்தைப் பத்திரம் எழுதி ஒதுக்குவது அது. அங்கே பெண்ணுக்குச் சொத்து கொடுக்கும் சொல், தமிழனிடம் வந்ததும் பெண்ணுக்குச் சொத்து இல்லை என்னும் சொல்லாக மாறிவிட்டது! சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25ந்தேதி முதலே உண்டு. அன்றைக்கு முன் கலியாணமான பெண்களை அந்தச் சட்டம் விலக்கிவைத்தது. 2005ல் வந்த மத்திய சட்டத் திருத்தத்தில் அந்த விலக்கும் இல்லை. 2005க்கு முன்பே தகப்பனார் இறந்திருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று 2020ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதற்கு முன்பே முறையாகப் பிரித்துப் பதிவு செய்துவிட்ட சொத்துக்களைப் பற்றிய விதி வேறு.

இங்கே கேட்கும்போது

ஊரில் பங்கு கேட்டால் "நீ அங்கே செட்டில் ஆகிவிட்டாய்" என்கிறார்கள். சரி, இங்கே என்ன சொல்கிறார்கள்?

ரயில்வேயில் ஒருவரைப் பார்த்து "செட்டில்மெண்ட் ஆயிற்றா?" என்று கேட்டால் ஓய்வுக்காலப் பணம் வந்துவிட்டதா என்று அர்த்தம். அதற்கென்றே செட்டில்மெண்ட் செக்‌ஷன் உண்டு. ரிடையர் ஆகி எந்த ஊரில் குடியேறப் போகிறார் என்றும் கேட்பார்கள். முப்பத்தைந்து வருஷம் கல்யாணிலும் அம்பர்நாத்திலும் வண்டிக்கு ஓடியவர் அந்தக் கேள்வியில் சற்று நின்றுதான் போகிறார். அவர் ஏற்கெனவே "செட்டில்" ஆனவர் என்றல்லவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது?

தாராவியைப் பட்டணத் திட்டக்காரர்கள் "இன்ஃபார்மல் செட்டில்மெண்ட்" என்கிறார்கள். முறைப்படி அமையாத குடியிருப்பு என்பது பொருள். மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் முறைப்படி அல்ல. இப்போது புதுவீடு தரும் திட்டத்தில், 2000 ஜனவரி 1ந்தேதிக்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று காட்டுகிறவருக்குத்தான் தாராவியிலேயே இலவச வீடு என்று வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிர மாநிலவாசி என்ற சான்றிதழுக்குப் பதினைந்து ஆண்டு வசித்ததற்கு அத்தாட்சி வேண்டும்.

தாழ்த்தப்பட்ட வகுப்புச் சான்றிதழ் விஷயம் இன்னும் கடினம். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர்ப் பகுதிகளில் இந்தச் சிக்கலில் மாட்டாத தமிழ்க் குடும்பம் குறைவு. பையன் பிறந்தது சயான் ஆஸ்பத்திரி, படித்தது மாநகராட்சிப் பள்ளி, பேசுவது மராத்தி. சான்றிதழ் கேட்டுப் போனால், 1950 ஆகஸ்ட் 10ந்தேதி உன் தகப்பனோ பாட்டனோ எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தார் என்று கேட்கிறார்கள். ஜனாதிபதியின் பட்டியல் உத்தரவு வெளியான நாள் அது. அதற்குப் பிறகு வந்த குடும்பமென்றால், தகப்பனாரின் தமிழ்நாட்டுச் சான்றை வைத்து, சொந்த மாநிலத்து வகுப்பைக் குறித்து ஒரு சான்று கொடுப்பார்கள். மத்திய சர்க்கார் வேலைக்கு அது செல்லும். மகாராஷ்டிர சர்க்காரின் இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. 1990லும் 1994லும் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்திருக்கிறது. 1994 வழக்கு மகாராஷ்டிரத்தில் குடியேறியவர்களைப் பற்றியதே.

ஆகப் பங்கு கேட்கப் போன இடத்தில் "செட்டில் ஆனவன்", சலுகை கேட்கப் போன இடத்தில் "வந்தேறியவன்". இரண்டு இடத்திலும் அவனுக்குப் பாதகமான அர்த்தமே எடுக்கப்படுகிறது.

1950க்கு முன்பே வந்த குடும்பங்களுக்கு வழி அடைபடவில்லை. அந்தத் தேதியில் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் இருக்க வேண்டும், அந்தச் சாதி மகாராஷ்டிரப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஆதாரம் என்றால் பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர் நகல், மில்லிலோ தோல் கிடங்கிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்த சர்வீஸ் காகிதம், பழைய வாடகை ரசீது, பிறப்பு இறப்புப் பதிவு. பாட்டனார் தகரப்பெட்டியில் இவற்றில் ஏதாவது இருக்கலாம். புதுவீட்டுக்கு மாறுகிற அவசரத்தில் அந்தப் பெட்டிகள்தான் முதலில் பழைய சாமான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.